தியேட்டர் படிக்கட்டில் காத்திருக்கவும்

எங்கள் டாக்ஸி கம்பெனியில் மாப்பிள்ளை என்றால் அது ஒரே ஆள்தான். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். டிரைவர்களில் பாதிப்பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள், நேரில் மட்டும் பின்னால் ஒரு 'சார்' ஒட்டிக்கொள்ளும். அவர் வகித்த பதவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கும் தோன்றவில்லை.

அவர் எங்கேயோ ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி முடித்துத் திரும்பிய மறுநாள், கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு வெள்ளைத் திரை தொங்கியது. கண்ட்ரோல் ரூம் என்று பெயர்தான் பெரிது. டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு நீள அறை, நான்கு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி. நாலாவது ஆள் எப்போதும் நின்றுகொண்டே போன் எடுப்பாள். அந்த ஆள் பெரும்பாலும் நான்.

திரையில் ஒரு மஞ்சள் புள்ளியும் ஒரு நீலப் புள்ளியும் தெரிந்தன. மஞ்சள் டாக்ஸி, நீலம் வாடிக்கையாளர். முதல் படத்தில் மஞ்சள் புள்ளி சந்து சந்தாக நுழைந்து, முட்டி, திரும்பி, சிக்கு விழுந்த நூல் மாதிரி அலைந்தது. இரண்டாவது படத்தில் நீலப் புள்ளி தன் வீட்டிலிருந்து துள்ளித் துள்ளி மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தது. மஞ்சள் புள்ளி நேரே வந்து அதை அள்ளிக்கொண்டு போனது. இனிமேல் டாக்ஸி ஆளைத் தேடிப் போகாது, ஆள்தான் பக்கத்தில் இருக்கும் காத்திருப்பு இடத்துக்கு வர வேண்டும், மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு சவாரி என்று மாப்பிள்ளை விளக்கினார். விளக்கும்போது கையிலிருந்த சிவப்பு லைட் டிரைவர்களின் நெற்றியில் மாறி மாறி விழுந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்த நீலப் புள்ளி கையில பெட்டி இருக்கா சார்?"

மாப்பிள்ளை திரையைத் திரும்பிப் பார்த்தார். புள்ளிக்குக் கையே இல்லை என்றார்.

கேட்டவர் என் அத்தான், அக்காவின் கணவர். அந்தக் கம்பெனியில் பல வருடமாக ஓட்டுகிறார், நான் வேலைக்குச் சேர்ந்ததே அவர் சொல்லித்தான். நான் குடியிருப்பதும் அவர்கள் வீட்டு முன்னறையில்தான். சிரிப்பு அடங்குவதற்குள், அவரைக் காப்பாற்றவா, எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை, நானும் கையைத் தூக்கினேன். காத்திருக்கும் இடத்தில் நிழல் இருக்குமா என்று கேட்டேன்.

அது மாலை வகுப்பின் கோளாறு. வேலை முடிந்ததும் நான் போக்குவரத்து நிர்வாகச் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறேன். எதை எடுத்தாலும் தலைப்புகளாகப் பிரித்து மதிப்பெண் போடுங்கள், அப்புறம் யாரும் உங்களோடு சண்டைக்கு வர முடியாது என்பது எங்கள் வாத்தியாரின் கொள்கை. டிரைவர்கள் எனக்கு 'பரீட்சை' என்று பேர் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்ட குற்றத்துக்காக, ஊரெல்லாம் காத்திருப்பு இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மாப்பிள்ளை அந்த நிமிடமே என் தலையில் கட்டினார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். தலைப்பு ஐந்து போட்டேன்: நிழல், உட்கார இடம், விளக்கு, வண்டி ஒதுங்க இடம், நாய் இல்லாமை. குடையும் பேனாவுமாகத் தெருத் தெருவாக நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் வாடிக்கையாளராக நின்று பார்த்தேன். நான் நின்றது எதற்கென்று யாராவது கேட்டால் டாக்ஸிக்கு என்றேன். ஒரு கடைக்காரர் இரக்கப்பட்டு, இந்தப் பக்கம் டாக்ஸி வராதம்மா, உள்ளே தள்ளிப் போய் நில் என்று வழிகூடச் சொன்னார்.

திட்டத்துக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. காத்திருப்பு இடத்தைத் தாண்டிச் சந்துக்குள் நுழைகிற வண்டிக்குக் கம்ப்யூட்டரே ஒரு சிவப்புக் குறி போடும். மூன்று குறி விழுந்தால் அந்த டிரைவர் நீக்கம். கார் கம்பெனியுடையது, சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

திட்டம் பகுதி பகுதியாக அமலுக்கு வந்தது. அத்தானுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு குறி. வேண்டுமென்று செய்கிற ஆள் இல்லை. வாசலுக்கு வாங்க என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் அவருடைய கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். ஒரு குறி, கைக்குழந்தையும் தொட்டிலுமாக நின்ற ஒரு பெண்ணுக்காக. இன்னொன்று மீன் தொட்டியோடு நின்ற ஒருவருக்காக.

"அவரை விடு, நடந்துடுவாரு. மீன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் சாப்பிடும்போது. பிறகு, "வாசல்ல ஏத்தாத டாக்ஸிக்கு பஸ்ஸுன்னு பேரு" என்றும் சொன்னார். அதை அவர் ஏற்கெனவே பல பேரிடம் சொல்லி மெருகேற்றியிருந்தார் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. அவள் ஒரு சலவைக் கடையில் கணக்கும் டெலிவரியும் பார்க்கிறாள். அத்தானைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மூன்றாவது குறி எங்கே விழும் என்றுகூட அவள் சொன்னாள்: நீதிபதி வீட்டில்.

நீதிபதி என்பவர் ஓய்வுபெற்றவர். நீளமான ஒரு சந்தின் கடைசியில், பச்சை கேட் போட்ட வீடு. தினமும் காலையில் டாக்ஸி எடுத்து நூலகத்துக்குப் போவார். அத்தான்தான் வர வேண்டும் என்பார். சந்தின் பாதியில் ஒரு மருந்துக் கடை முனை இருக்கிறது. காத்திருப்பு இடத்தை அங்கே வைத்துவிடு, அங்கிருந்து பச்சை கேட் தெரியும், அத்தான் அதோடு நின்றுவிடுவார் என்பது அக்காவின் யோசனை. மிகவும் நியாயமான யோசனை.

மருந்துக் கடை முனைக்கு நான் போனேன். நிழல் இல்லை. உட்கார இடமில்லை. நாய் இருந்தது, அதற்கு அங்கே நிரந்தர இடமும் இருந்தது. அந்த வட்டாரத்தில் முதலிடம் வந்தது மெயின் ரோட்டில் மூடிக்கிடக்கும் பழைய தியேட்டர். அகலமான படிக்கட்டு, மேலே காங்கிரீட் கூரை, முன்னால் எத்தனை கார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். எல்லாத் தலைப்பிலும் முழு மதிப்பெண். நாய்கூட மருந்துக் கடையை விட்டு இங்கே வந்ததில்லை.

மருந்துக் கடைக்கு நாலு மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் யோசித்தேன். சொந்தக்காரருக்காக ஒரு தடவை மாற்றினால் மற்ற இடங்களின் மதிப்பெண்ணும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அது நேர்மையா, என் பட்டியலின் அழகு கெட்டுவிடக் கூடாது என்ற வீம்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. தியேட்டர் படிக்கட்டை அனுப்பிவிட்டேன்.

நீதிபதியின் போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். அருகிலுள்ள தியேட்டர் படிக்கட்டில் காத்திருக்கவும் என்று எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். அவர் முழுவதும் கேட்டார். இடையில் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நான் ஆயுசு முழுக்க ஆளுங்களை வரச் சொன்னவன்மா," என்றார் பிறகு. "என்னைப் போகச் சொல்றியா?"

போனை வைத்துவிட்டு அத்தானையே நேராகக் கூப்பிட்டிருக்கிறார். என் எதிரே இருந்த திரையில் ஒரு மஞ்சள் புள்ளி தியேட்டரைத் தாண்டியது. மருந்துக் கடையைத் தாண்டியது. சந்தின் கடைசி வரை போய் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் செய்து தடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, போனில் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் புள்ளி சிவப்பாகிவிட்டது.

நீக்கச் செய்தியைப் பணியில் இருப்பவர் போனில் வாசிக்க வேண்டும் என்பது முறை. நான் நின்றுகொண்டே வாசித்தேன். 'மதிப்புக்குரிய ஓட்டுநர் அவர்களே' என்று ஆரம்பித்தது. தாங்கள் மூன்றாம் முறையாக விதியை மீறியதால் தங்கள் சேவை இத்துடன் நிறைவுபெறுகிறது, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று முடிந்தது.

"வாசிச்சு முடிச்சியா?"

"முடிச்சேன் அத்தான்."

"தண்ணி குடிச்சுக்க. குரல் கம்முது."

அன்றிலிருந்து அக்கா என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம். அந்த மேடம் சாப்பிட்டாங்களான்னு கேளுங்க என்பாள் அத்தானிடம். சாப்பிட்டியான்னு கேக்கறா என்பார் அவர். சாப்பிட்டேன் என்பேன். சாப்பிட்டாளாம் என்று அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேலை போன மனிதருக்கு வீட்டில் தபால்காரர் வேலை. அதை முகம் சுளிக்காமல் செய்தார். பகலில் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். கீல் எல்லாம் தீர்ந்த பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற டாக்ஸிகளைப் பார்த்தார். சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டும் என்று அக்காவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டம் மட்டும் அமோகமாக ஓடியது. ஜனங்கள் முதலில் திட்டினார்கள், பிறகு நடந்தார்கள். நீதிபதியும் நடந்தார். அத்தானுக்குப் பதிலாக வந்த டிரைவர் சந்துப் பக்கமே தலைகாட்டவில்லை, நீதிபதிக்கு வேறு வழியில்லை. முதல் நாள் தியேட்டர் படிக்கட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாராம். இரண்டாம் நாள் உட்கார்ந்தாராம். மூன்றாம் நாள்தான் அவருக்கு ஒன்று புரிந்திருக்கிறது: அந்தப் படிகளில் எந்நேரமும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை, எழுந்து போகவும் முடியாது. ஓய்வு பெற்றதிலிருந்து அப்படி ஒரு சபை அவருக்கு வாய்க்கவில்லை.

மாப்பிள்ளை எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். கேக்கின் மேல் நீலத்தில் ஒரு புள்ளி. அதை வெட்டி எனக்குத்தான் கொடுத்தார்கள்.

கேக் சாப்பிட்ட சில வாரங்களில் கணக்கு விசித்திரமாகத் திரும்பியது. புக்கிங் குறையவில்லை. ஆனால் ஜனங்கள் காத்திருப்பு இடம் வரை ஒழுங்காக நடந்து வந்து, அங்கே போய்ச் சேர்ந்ததும் புக்கிங்கை ரத்து செய்தார்கள். எல்லா இடத்திலும் இல்லை. என் பட்டியலில் அதிக மதிப்பெண் வாங்கிய இடங்களில்தான் இது அதிகம். தியேட்டர் படிக்கட்டு இதிலும் முதலிடம்.

மாப்பிள்ளை அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். நாம் ஜனங்களுக்கு நடக்கக் கற்றுக் கொடுத்துவிட்டோம், கொஞ்ச தூரம் நடந்ததும் உடம்பு சுறுசுறுப்பாகி மிச்ச தூரத்தையும் நடந்தே போய்விடுகிறார்கள் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு மருத்துவரின் பெருமிதத்தோடு சொன்னார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி செலவில் ஒரு பெஞ்சும், துள்ளி நடக்கும் நீலப் புள்ளி வரைந்த பலகையும் வைக்கச் சொன்னார். பெஞ்சு வந்த பிறகு ரத்து இன்னும் கூடியது. அப்போதுதான் என்னைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்.

மாலை வகுப்புக்கு முன்னால் தியேட்டருக்குப் போனேன். படிக்கட்டு நிறைய ஆட்கள். கம்பெனி பெஞ்சின் நடுவில் நீதிபதி உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று விசாரித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து ஒதுங்கியது. பக்கவாட்டில் அக்கா வேலை செய்யும் சலவைக் கடையின் பெயர். ஓட்டிவந்தவர் அத்தான்; வீட்டில் இருவரும் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. பக்கத்துச் சீட்டில் மடியில் ஒரு டப்பாவோடு அக்கா.

ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்கள். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி, சலவைக்கு ரசீது கிழித்தாள்.

நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்து நீதிபதி கூப்பிட்டு உட்கார வைத்தார். யாரென்று தெரியாமலே விளக்கினார். ஆட்களை ஏற்றிக் காசு வாங்க அந்த வேனுக்கு அனுமதி கிடையாது. துணியை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி இருக்கிறது. தன் துணி பத்திரமாகப் போய்ச் சேருகிறதா என்று ஒரு மனிதன் கூடவே போய்ப் பார்ப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது. கைக்குட்டையைத் தேய்ப்பார்களா என்று கேட்டேன்.

"ஏற்கெனவே தேய்ச்சிருந்தா மறுபடி எதுக்கும்மா தேய்க்கணும்?" என்றார். "பரிசோதிச்சுப் பார்த்துத் திருப்பித் தர்றாங்க. அதுவும் சேவைதான்."

அத்தான் இறங்கி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன் இடம் எல்லாத்தையும் சுத்திப் பார்த்துட்டேன்," என்றார். "ஒண்ணுகூடச் சோடை இல்லை. மழையில நனையாம, வெயில்ல காயாம, கூட்டத்தை அப்படியே சேர்த்து வச்சிருக்க. நான் போய் அள்ளிக்க வேண்டியதுதான். நல்லா வேலை பார்த்திருக்கடி."

என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கேக்கைச் சேர்க்கவில்லை.

அக்கா வேனுக்குள்ளிருந்தே பேசினாள். 'மேடம்' இல்லாமல், நடுவில் ஆள் இல்லாமல் நேராகப் பேசினாள்.

"போய்ச் சொல்லப் போறியா?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் விளக்கவில்லை. எனக்கே தெரியும். மாப்பிள்ளை ஒரு புகார் கொடுத்தால் வேனைப் பிடித்து வைத்துவிடுவார்கள். வேன் சலவைக் கடைக்காரம்மாவுடையது. அத்தானின் பிழைப்போடு அக்காவின் வேலையும் போகும். தெரியலை அக்கா என்றேன். அது உண்மை. அவள் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த கைக்குட்டையை வாங்கினாள்.

அன்று வகுப்பில் வாத்தியார் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. சொல்வது, சொல்லாமல் விடுவது என்று இரண்டு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன். தலைப்புகளை மாற்றினால் விடையும் மாறியது. ஐந்து தலைப்பு எப்படி ஊரையே அளந்தது என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் மாப்பிள்ளையிடம் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை. படிக்கட்டிலிருந்து சிலர் துணியோடு போகிறார்கள் சார் என்றேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். வேலை உடையை மாற்றி, நடைக்கான உடை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம், நான் சொன்னது சரியாகிவிட்டது என்றார். இந்த நடைக் கலாசாரத்தை அவரே நேரில் பார்த்துப் படம் எடுக்க வேண்டும், மாலை என்னோடு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. அத்தானை எச்சரிக்க போன் செய்தேன். மணி மட்டும் அடித்து ஓய்ந்தது.

மாப்பிள்ளை டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமனார் வீட்டில் சாயங்காலம் ஒரு சாப்பாடு. முதலாளி எதைப் பொறுத்தாலும் தாமதத்தைப் பொறுக்க மாட்டார். படிக்கட்டில் நாலைந்து படம் எடுத்துவிட்டு, தன் போனிலேயே எங்கள் டாக்ஸியை அழைத்தார். இரண்டே நிமிடம் என்றது போன். பத்து நிமிடம் கழித்தும் இரண்டே நிமிடம் என்றது. அந்த டிரைவர் எங்கேயோ டீ குடித்துக்கொண்டு 'வந்துகொண்டிருக்கிறேன்' பொத்தானை அழுத்தியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். கண்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் தெரியும். தூறல் வேறு ஆரம்பித்தது. மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார்.

நீதிபதி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்தப் பக்கம் தம்பி?"

மாப்பிள்ளை இடத்தைச் சொன்னார். வேன் வந்து நின்றது.

"கைக்குட்டை இருக்கா?"

"இல்லையே."

"பரவாயில்லை. கழுத்துல இருக்கறதைக் கழட்டிக் கொடுங்க."

ஒரு கணம் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு டையைக் கழற்றிக் கொடுத்தார். அவசரத்தில் இருக்கிற மனிதன் கழுத்தையே கழற்றிக் கொடுப்பான் என்று எனக்கு அப்போது புரிந்தது. அக்கா டையை உறையில் போட்டுச் சீட்டுக் குத்தினாள். அவளுக்கு அவரைத் தெரியாது. அத்தானுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், வண்டியை எடுத்தார்.

நானும் பின்னால் ஏறியிருந்தேன். உள்ளே இரண்டு பக்கமும் தேய்த்த சட்டைகள் தொங்கின. வளைவில் திரும்பும்போதெல்லாம் யாருடையவோ முழுக்கைச் சட்டைகள் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டன. ஒவ்வொருவரையும் அத்தான் அவரவர் வாசலில் இறக்கினார். இறங்கும்போது கைக்குட்டை, நன்றி, அடுத்த வாசல். மாப்பிள்ளை அசந்துபோனார். ஏழு பேரை இறக்கியும் நேரம் இருக்கிறதே என்று என் காதில் சொன்னார். பிறகு டிரைவர் பக்கம் குனிந்து, இப்படி ஒரு ஆள் எங்களிடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

"இருந்தேன் சார்," என்றார் அத்தான். "உங்ககிட்டதான்."

எந்த வண்டி என்று மாப்பிள்ளை கேட்டார். அத்தான் எண்ணைச் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது, தூரத்துச் சொந்தத்தைக் கல்யாண வீட்டில் கண்டுபிடித்தவர் போல.

"அட, அந்த மூணு சிவப்பா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ரசீது, சட்டைகள், படிக்கட்டு, நான். என்னைப் பார்த்தார். போனை வெளியே எடுத்தார். யாருக்குப் பேச எடுத்தார் என்று கேட்கவே வேண்டாம். அக்கா மடியிலிருந்த டப்பாவை மூடினாள். அந்த மூடி மூடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

மெயின் ரோட்டிலேயே அவரை இறக்கிவிட்டு அத்தான் வண்டியைக் கிளப்பியிருக்கலாம். செய்யவில்லை. வழக்கம்போல் கை தானாகத் திருப்பியது. முதலாளி வீட்டுத் தெருவுக்குள் போய், கேட்டுக்கு நேராக, ஒரு துளி நனையாமல் உள்ளே போகிற மாதிரி நிறுத்தினார்.

முதலாளி வாசலிலேயே நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். சலவை வேனின் பின்கதவு திறந்து, சட்டைகளை விலக்கிக்கொண்டு அவருடைய மருமகன் இறங்கினார். அக்கா முறை தவறாமல் பின்னாலேயே இறங்கி உறையை நீட்டினாள். டெலிவரி, ஒரு கையெழுத்துப் போடுங்க என்றாள்.

"என்ன மாப்பிள்ளை," என்றார் முதலாளி, "துணியோட வந்திருக்கீங்களா, துணியா வந்திருக்கீங்களா?"

மாப்பிள்ளை பேச ஆரம்பித்தார். சட்டவிரோதம், திருட்டு, புகார் என்று வார்த்தைகள் வந்தன. முதலாளி அவரைத் தாண்டி டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஒற்றை டாக்ஸி ஓட்டியவர். நீ எதுக்குப்பா இந்த வண்டியில என்று கேட்டார். தன்னைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அத்தானுக்கு வாய் வராது.

அறிக்கை எழுத வேண்டியவள் நான். எழுதவில்லை, சொல்லிவிட்டேன். வாசலுக்குப் போனதுக்காக இவரை நிறுத்திட்டோம் முதலாளி, செய்தியை வாசிச்சது நான்தான் என்றேன். காத்திருக்க நல்ல இடமாகத் தேடி வாடிக்கையாளர்களை எல்லாம் நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்து வைத்தோம், அங்கிருந்து வாசல் வரை கூட்டிப் போக ஒருவர் வந்தார், அவ்வளவுதான் என்றேன். கடைசியாக, கொஞ்சம் அதிகப்படிதான், இதையும் சொன்னேன்:

"நம்ம டாக்ஸியை நம்பியிருந்தா மாப்பிள்ளை சார் இன்னும் படிக்கட்டுலதான் உட்கார்ந்திருப்பார்."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மாமனார் சிரித்து முடிக்கும் வரை புகார் கொடுக்க முடியாது. முடித்த பிறகு கொடுத்தால் அந்த வீட்டில் சாப்பிட முடியாது. நாளைக்கு வந்து சாவி வாங்கிக்கோ, இந்தத் துணி வியாபாரத்தை இன்னைக்கே நிறுத்திடு என்றார் முதலாளி அத்தானிடம். பிறகு உறையிலிருந்து டையை எடுத்து, தன் கையாலேயே மருமகன் கழுத்தில் போட்டுவிட்டார். குத்தியிருந்த சீட்டை எடுக்க மறந்தாரா, எடுக்கவில்லையா என்று தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா என்னிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அத்தான் பழக்கத்தில், சாப்பிட்டியான்னு கேக்கறா என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வெள்ளைத் திரை தொங்கியது. அதே மஞ்சள் புள்ளி, அதே நீலப் புள்ளி. இந்தத் தடவை நீலப் புள்ளி வீட்டிலேயே ஓய்வாக இருந்தது, மஞ்சள் புள்ளி துள்ளித் துள்ளிச் சந்துக்குள் போனது. திட்டத்துக்கு 'வாசல் சேவை' என்று பெயர். உலகத்தில் இதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை என்றார் மாப்பிள்ளை. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டாம். வாசல் வரை போகாத வண்டிக்கு ஒரு சிவப்புக் குறி, மூன்று விழுந்தால் நீக்கம். சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டு என்னையே பார்த்தார். நான் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் வேலை வந்தது: ஊரிலுள்ள வாசல்களுக்கெல்லாம் நிழல், உட்கார இடம், விளக்கு, நாய் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

அத்தான் பழைய காரில், பழைய எண்ணில் திரும்பினார். முதல் சவாரி நீதிபதி. பச்சை கேட் வாசல் என்று புக்கிங்கில் தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர் இப்போது கேட்காமலே அப்படித்தான் போடுகிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் புள்ளி தியேட்டர் வரை வந்தது. நின்றது. சந்துக்குள் போகவே இல்லை. புள்ளி சிவந்தது.

முறைப்படி நான்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

"ஐயா வீட்டுல இல்லை," என்றார் அத்தான். "படிக்கட்டுலதான் வண்டி ஏறுவேன்னு உட்கார்ந்திருக்காரு. கூட்டம் இருக்கு. விசாரணை முடியட்டும்ங்கறாரு."

பின்னால் நீதிபதியின் குரல், யாரோ இருவருக்கு நடுவே நிதானமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று வாசித்தேன். மதிப்புக்குரிய ஓட்டுநர் அவர்களே, தாங்கள் வாடிக்கையாளரின் வாசலுக்குச் செல்லாததால் தங்களுக்கு முதல் சிவப்புக் குறி வழங்கப்படுகிறது.

"வாசிச்சு முடிச்சியா?"

"முடிச்சேன் அத்தான்."

"தண்ணி குடிச்சுக்க. இன்னும் ரெண்டு இருக்கு."